மேட்டுப்பாத்திக்கும் தொட்டிக்குளத்துக்கும் மரம் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டுத் தோட்டத்தில் நான்கு புறமும் பலகை அடைத்து மண் நிரப்பும் மேட்டுப்பாத்தியும், அதே போன்ற பலகைச் சட்டத்துக்குள் தார்ப்பாய் விரித்து அல்லியும் மீனும் வளர்க்கும் தொட்டிக்குளமும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் மரத்துக்கு அவை தரும் வேலை வேறு வேறு. பாத்தியின் பலகை ஆண்டு முழுவதும் ஈரமண்ணை ஒட்டியே நிற்பதால் அதற்கு மக்காத மரம் வேண்டும். குளத்தின் பலகைக்கும் நீருக்கும் நடுவே தார்ப்பாய் இருப்பதால் மரத்தின் மேல் ஈரம் குறைவாகவே படுகிறது; அங்கே வேண்டியது ஒரு டன்னுக்கு மேற்பட்ட நீரின் தள்ளுவிசைக்கு வளையாமல் நிற்கும் மரம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இரண்டுக்கும் ஒரே மரத்தை ஒரே கனத்தில் வாங்குபவர்கள் ஓரிடத்தில் தேவைக்கு மேல் செலவிடுகிறார்கள், இன்னோர் இடத்தில் தேவையானதைச் செலவிடாமல் விடுகிறார்கள். தமிழ்நாட்டின் வெயிலுக்கும் மழைக்கும் கரையானுக்கும் ஏற்ப, இங்குள்ள மரவாடிகளில் உண்மையில் கிடைக்கும் மரங்களை வைத்து இந்த இரண்டு வேலைகளுக்கும் மரம் தேர்ந்தெடுக்கும் முறையைக் கீழே விளக்குகிறேன்.

மரம் எங்கே மக்குகிறது

மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைகளுக்கு ஈரம், காற்று, மிதமான வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்து கிடைக்க வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கும்வரை பூஞ்சை அதில் தொடங்குவதில்லை. முழுவதும் நீருக்குள் அமிழ்ந்த மரத்தில் ஈரம் இருந்தாலும் காற்று இல்லாததால் பூஞ்சை வேலை செய்ய முடிவதில்லை. பழைய கிணறுகளின் அடியில் இட்ட நாவல் கட்டை தலைமுறைகள் தாண்டியும் கெடாமல் இருப்பதற்கு அந்த மரத்தின் இயல்பு பாதிக் காரணம், அது நீரை விட்டு வெளியே வராமல் கிடப்பது மீதிக் காரணம். அதே நாவல் கட்டையை வேலிக்காலாக நட்டால் அது அவ்வளவு காலம் நிற்காது. வேலிக்கால் எப்போதும் தரைமட்டத்தில்தான் ஒடிகிறது என்பதைக் கிராமத்தில் வளர்ந்த எவரும் பார்த்திருப்பார்கள். ஈரமும் காற்றும் சரிபாதியாகச் சந்திக்கும் இடம் அதுவே.

மேட்டுப்பாத்தியின் சங்கடமும் இங்குதான் இருக்கிறது. வேலிக்காலில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் உள்ள இந்த ஆபத்தான எல்லை, பாத்திப் பலகையில் உட்புறம் முழுவதும் பரவியிருக்கிறது. மண் ஈரமாக இருக்கிறது, மண்ணில் காற்றும் இருக்கிறது, நாம் நாள்தோறும் நீரும் ஊற்றுகிறோம், எருவும் இடுகிறோம். மரத்தைச் சோதிப்பதற்கென்றே ஒருவர் அமைப்பு உருவாக்கினாலும் இதைவிடக் கடுமையாக உருவாக்க முடியாது.

வைரமும் வெள்ளையும்

மரவாடிக்குப் போகும்போது எந்த மரம் என்று கேட்பதற்கு முன், வைரம் எவ்வளவு என்று பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். அடிமரத்தின் நடுவில் அடர்நிறத்தில் இருக்கும் பகுதி வைரம். பட்டையை அடுத்து வெளிறிய நிறத்தில் இருக்கும் பகுதி வெள்ளை. உயிரோடு இருக்கும் மரத்தில் நீரை ஏற்றிச் செல்வதும் மாவுச்சத்தைச் சேமித்து வைப்பதும் வெள்ளைப் பகுதிதான். அதனாலேயே வண்டும் பூஞ்சையும் கரையானும் முதலில் அதைத் தேடி வருகின்றன. மரம் முதிரும்போது உள்பகுதி உயிரிழந்து, அதில் கசப்பும் துவர்ப்பும் பிசினும் எண்ணெயுமான பொருள்கள் படிகின்றன; மரம் மக்காமல் இருப்பது இந்தப் பொருள்களால்தான். தேக்கானாலும் வேங்கையானாலும் வெள்ளைப் பகுதிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. தேக்கு வாங்கியும் மூன்றாம் ஆண்டில் உளுத்துவிட்டது என்று குறைப்படுபவரின் பலகையைப் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலும் அது பத்துப் பன்னிரண்டு வயதில் வெட்டிய தோட்டத் தேக்கின் வெள்ளையாகவே இருக்கும்.

இதை அறுத்த பலகையின் முகத்தில் பார்ப்பதைவிடத் தலைப்பில், அதாவது குறுக்கே வெட்டிய முனையில், பார்ப்பது எளிது. அழுக்கும் தூசியும் படிந்த தலைப்பை ஓர் அங்குலம் அறுத்துத் தரச் சொல்லி ஈரத்துணியால் துடைத்தால் வைரத்துக்கும் வெள்ளைக்கும் உள்ள எல்லை பளிச்சென்று தெரியும். ஓரத்தில் விரல் அகலத்துக்கு வெள்ளை இருந்தால் அந்த ஓரத்தை மேற்பக்கமாக, மண்படாத இடத்தில் வருமாறு அமைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் விலை குறைவாக இருந்தாலும் பாத்திக்கு அந்தப் பலகை வேண்டாம். அதே தலைப்பில் மரத்தின் நட்டநடு மையமான நெஞ்சும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெஞ்சு உள்ளடங்கிய பலகை காயும்போது நெடுக வெடிக்கும். வெடிப்பில் நீர் தங்கும். அங்கிருந்து மக்கல் தொடங்கும்.

மரங்களின் உழைப்பை அளந்து வகைப்படுத்தும் வேலையை டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாகச் செய்துவருகிறது. 600 மில்லிமீட்டர் நீளமும் 50 மில்லிமீட்டர் சதுரமும் உள்ள கட்டைகளைப் பாதி உயரத்துக்கு மண்ணில் புதைத்து, அவை எத்தனை மாதம் தாங்குகின்றன என்று பார்ப்பதே அந்தச் சோதனை. சராசரியாக 120 மாதங்களும் அதற்கு மேலும் தாங்குபவை முதல் வகுப்பு, 60 முதல் 120 மாதங்கள் வரை தாங்குபவை இரண்டாம் வகுப்பு, 60 மாதங்களுக்குள் இற்றுப்போகுபவை மூன்றாம் வகுப்பு என்று இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 401 பிரிக்கிறது. வைரப்பகுதிக்கு மட்டுமே இந்த வகுப்பு பொருந்தும். பாத்திக்கு முதல் வகுப்பு மரம் வேண்டும், அல்லது இரண்டாம் வகுப்பு மரத்தை மண்படாமல் காக்கும் ஏற்பாடு வேண்டும். மூன்றாம் வகுப்பு மரத்தை வீட்டில் நாமே எவ்வளவு சிரமப்பட்டுப் பாதுகாத்தாலும் அந்தச் சிரமத்துக்குத் தக்க பயன் கிடைப்பதில்லை.

இங்கே கிடைக்கும் மரங்கள்

தேக்கின் வைரம் முதல் வகுப்பு. காயும்போது குறைவாகச் சுருங்கும், முறுக்கிக்கொள்ளாது, கரையானும் எளிதில் நெருங்காது. ஆனால் புதுத் தேக்கை வாங்கி மண்ணுக்கு அணை கட்டுவது எனக்கு ஒப்புதலில்லை. அந்த விலைக்குக் கருங்கல்லையே வைத்துவிடலாம். பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் தேக்கு வேறு கதை. உடைந்த நிலை, சன்னல் சட்டம், மாடிப்படிப் பலகை போன்றவை பழைய மரக்கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஐம்பது அறுபது ஆண்டுகள் காய்ந்த வைரம் அது. (கடைக்காரர் அதை பர்மா தேக்கு என்றுதான் சொல்வார். பழைய மரக்கடையில் பர்மா தேக்கல்லாத மரமே இருந்ததில்லை.) ஒரே எச்சரிக்கை, பழைய வண்ணப்பூச்சு. வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்று கொண்டே நடந்துகொள்ள வேண்டும். கீரையும் காயும் விளையும் பாத்திக்கு வண்ணம் பூசிய பழைய மரத்தை, வண்ணத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசியாக்காமல், இயந்திரத்தில் இழைத்து ஒரு படலம் முழுவதையும் நீக்கிய பிறகே பயன்படுத்தலாம். அந்த இழைப்புச் சீவல்களை எருக்குழியில் போடக் கூடாது.

வேங்கையும் முதல் வகுப்பு மரமே. சர்க்கரை நோய்க்கு இதன் குவளையில் நீர் ஊற்றி வைத்துக் குடிப்பார்களே, அந்த நீர் நிறம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் ஒரு குணம் புரிந்திருக்கும்: ஈரம் பட்டால் வைரத்தின் சாயம் வடியும். சிமெண்டுத் தரையிலோ வெளிர்நிற ஓட்டிலோ வைத்தால் பழுப்புக் கறை படியும். மண்தரைத் தோட்டத்துக்கு இது ஒரு குறையில்லை.

சால் என்ற பெயரில் மரவாடிகளில் விற்கப்படுவதைச் சற்று நிதானித்து வாங்க வேண்டும். வட இந்தியச் சால் முதல் வகுப்பு மரம். இருப்புப்பாதைக் கட்டைகளுக்கு நூறாண்டுக்கு மேல் பயன்பட்டுவந்த மரம். ஆனால் இங்கே நிலைக்கும் கதவுக்கும் பரவலாக விற்கும் மலேசியச் சால் என்பது வேறு. அந்த ஒரே பெயரில் வெவ்வேறு இன மரங்கள் வருகின்றன. எடையும் இழையின் நெருக்கமும் பார்த்து, குளத்துச் சட்டத்துக்கு வேண்டுமானால் வாங்கலாம். பெயரை நம்பி மண்ணுக்குள் வைக்கக் கூடாது.

கருவேலத்தின் வைரம் கடினமானது, உழைப்பும் நன்று. வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் நம்மவர்கள் அதைத் தேடியதற்குக் காரணம் உண்டு. வெட்டிய கட்டையைக் குளத்துச் சேற்றிலோ ஓடும் நீரிலோ சில மாதம் ஊறப்போட்டு எடுத்துக் காயவைக்கும் வழக்கம் வெறும் சடங்கன்று. வெள்ளைப் பகுதியிலுள்ள மாவுச்சத்து நீரில் சிதைந்து குறைவதால் அதைத் தின்ன வரும் வண்டுக்கு இரை கிடைக்காமல் போகிறது. வண்டுக்கு எதிராக இது பயன்படும். கரையானுக்கோ மக்கலுக்கோ எதிராக இதை நம்பக் கூடாது.

பூவரசின் வைரமும் ஈரத்தைத் தாங்கும். காவிரிப் படுகையில் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் நிற்கும் மரங்களிலிருந்து கிடைக்கும். அகலமான பலகை அரிது, நான்கைந்து அங்குல அகலத்தில் கிடைப்பதை அடுக்கிப் பயன்படுத்த வேண்டும்.

என் கணக்கில் மேட்டுப்பாத்திக்குச் செலவுக்கு ஏற்ற மரம் என்றால் அது எல்லோரும் வெட்டி எறியச் சொல்லும் சீமைக்கருவேலம்தான். நீர்நிலைகளிலும் தரிசுகளிலும் அது செய்யும் கெடுதியைப் பற்றி இங்கே வாதாட வேண்டியதில்லை. மரமாக மட்டும் பார்த்தால், அதன் முதிர்ந்த வைரம் செம்பழுப்பாக, கனமாக, அடர்த்தியாக இருக்கிறது. காயும்போது பெரும்பாலான கடின மரங்களைவிட மிகக் குறைவாகவே சுருங்குகிறது. மண்ணிலும் நன்றாக உழைக்கிறது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கங்களில் விறகாகவும் கரியாகவும் போகும் மரம் இது. இதன் குறை நீளமாகவும் நேராகவும் கிடைக்காததே. எட்டடிப் பலகை கேட்டால் கிடைக்காது. மூன்றடி நான்கடி நீளத்தில், நான்கு அங்குல அகலத்தில் துண்டுகள் கிடைக்கும். ஆகவே திட்டத்தை மரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்: இரண்டிரண்டு அடிக்கு ஒரு கால் வைத்து, கால்களுக்கு இடையே குறுந்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முடுக்கினால் வளைந்த மரமும் நேரான பாத்தியாகிவிடும். விறகுக் கடையில் வாங்குவதானால் ஆளின் கால் பருமனுக்குக் குறைந்த கட்டைகளை ஒதுக்கிவிட வேண்டும், அவற்றில் வைரம் ஏறியிருக்காது. அறுக்கும்போது கத்தி மழுங்குகிறது என்று மில்காரர் முணுமுணுப்பார்; அறுப்புக் கூலி சற்றுக் கூடுதலாகத்தான் கேட்பார்.

பனையின் அமைப்பு மற்ற மரங்களுக்கு நேர்மாறானது. அதில் வைரம் வெளிப்புறத்தில் இருக்கிறது, உட்புறம் நாரும் சோறுமாக இருக்கிறது. முதிர்ந்த பனையின் வெளிப்பகுதியில் அறுத்த பனங்கைகள் ஓட்டு வீடுகளின் கூரையில் பல தலைமுறை நின்றவை. வீடு இடிக்கும் இடங்களில் கிடைத்தால், உட்சோறு முழுவதையும் சீவியெடுத்துவிட்டுக் கருநிற இழை நெருக்கமாக ஓடும் பகுதியை மட்டும் பாத்திக்கு வைக்கலாம். இதற்காகப் புதிதாகப் பனையை வெட்டும் எண்ணம் வேண்டாம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று தமிழக அரசு 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. பனை நிற்கிறதே, தென்னையும் நிற்கும் என்று எண்ணுவது தவறு. தென்னையின் வெளிப்பகுதி எவ்வளவு கெட்டியாகத் தோன்றினாலும் மண் பட்டால் சில ஆண்டுகளில் இற்றுப்போகும்; அது கூரைக்குரிய மரம்.

வேம்பு இரண்டுங்கெட்ட நிலையில் இருக்கிறது. கரையான் தொடவே தொடாது என்ற நம்பிக்கை வைரத்துக்கு ஓரளவு பொருந்தும், வெள்ளைக்குப் பொருந்தாது. குளத்துச் சட்டத்துக்கு இது நல்ல தேர்வு. வாங்கும்போது வேம்பு என்ற பெயரில் மலைவேம்பைத் தந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டுப்பலகைக்கும் தீக்குச்சிக்கும் என்று வளர்க்கப்படும் மென்மையான, எடை குறைந்த மரம் அது. பலகையைக் கையில் தூக்கினாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

மா, ரப்பர், சவுக்கு, நீலகிரியிலும் ஏற்காட்டிலும் தேயிலை காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் ஆகியவை மலிவாகக் கிடைக்கும். மண்ணோடு சேர்ந்தால் எதுவும் நிற்காது. சில்வர் ஓக்கின் பெயரில் மட்டுமே ஓக் இருக்கிறது. மேனாட்டு ஓக்கின் உழைப்பை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. தைலமரம் வலுவானது, ஆனால் காயும்போது முறுக்கிக்கொண்டு வெடிக்கும். முதிர்ந்த கட்டையை அறுத்துக் காய்ந்த பின் நேராக நிற்பவற்றைப் பொறுக்கிக் குளத்துக்குப் பயன்படுத்தலாம். மூங்கிலும் மண்ணில் ஓரிரு ஆண்டுக்கு மேல் தாங்காது.

விலக்க வேண்டியவை

இருப்புப்பாதையில் இருந்து கழித்த பழைய மரக்கட்டைகளைத் தோட்ட அழகுக்கென்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அவை கிரியோசோட் என்ற தாரெண்ணெயில் ஊறியவை. வெயில் ஏறும்போது கசிந்து கையிலும் ஆடையிலும் ஒட்டும், மண்ணில் இறங்கும், மீனுக்கு நஞ்சாகும். நடைபாதை ஓரத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்; காய்கறிப் பாத்திக்கும் குளத்துக்கும் அவை ஆகா.

பச்சை நிறம் படிந்த பதப்படுத்திய மரம் குறித்தும் இதே கவனம் வேண்டும். செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகிய மூன்றின் உப்புகளையும் அழுத்தத்தில் மரத்துக்குள் செலுத்தும் முறையை உலகுக்குத் தந்தது நம் நாடு: டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோந்தி காமேசம் 1933இல் அதை உருவாக்கினார். மின்கம்பத்துக்கும் குளிரூட்டும் கோபுரத்துக்கும் அது மிகச் சிறந்த முறை. மூன்றாம் வகுப்பு மரத்தையும் பல்லாண்டு நிற்கச் செய்யும். ஆனால் அதில் உள்ள ஆர்செனிக் சிறிது சிறிதாக மண்ணில் இறங்கும் என்பதால், அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு அந்த மரம் தயாரிப்பதை 2003ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்திக்கொண்டார்கள். இங்கே பதப்படுத்திய மரம் வாங்கும்போது எந்த மருந்து என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஆர்செனிக் இல்லாத செம்பு மருந்துகள் பாத்திக்குப் பரவாயில்லை; குளத்தில் மீனும் நத்தையும் இருந்தால் செம்பும் அவற்றுக்குக் கேடு என்பதால் மரம் நீரைத் தொடவே கூடாது.

சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் வரும் பைன் மர அடுக்குத் தட்டுகளைப் பிரித்துப் பாத்தி செய்வது இப்போது பரவலாகியிருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கோடு வந்தவற்றில் கோதுமைக் கதிர் முத்திரையும் அதன் அருகே எழுத்துகளும் சுட்டிருக்கும். எச்.டி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியசில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்று பொருள், எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகையூட்டப்பட்டது, அதைத் தொட வேண்டாம். சூடேற்றியது அந்த நேரத்தில் உள்ளே இருந்த பூச்சியைக் கொல்வதற்கு மட்டுமே. மரத்துக்கு அதனால் எந்த உழைப்பும் கூடுவதில்லை. நம் ஊர் மண்ணில் அது இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிது.

குளத்துக்கு வேண்டிய கனம்

ஆறடி நீளம், நான்கடி அகலம், இரண்டடி ஆழம் உள்ள ஒரு தொட்டிக்குளம் 48 கன அடி; லிட்டரில் சொன்னால் ஏறக்குறைய 1,360. அதாவது 1.36 டன் நீர். இந்த நீர் ஆறடிப் பக்கச் சுவரை மொத்தமாக ஏறக்குறைய 340 கிலோ விசையோடு வெளியே தள்ளுகிறது. ஆழத்தை மூன்றடியாக்கினால் தள்ளுவிசை ஒன்றரை மடங்காகும் என்று தோன்றும். உண்மையில் அது ஆழத்தின் வர்க்கத்தில் கூடுவதால் இரண்டேகால் மடங்காகி 765 கிலோவைத் தொடும். ஆகையால் முதன்முறையாகக் குளம் அமைப்பவர் இரண்டடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது; அல்லிக்கும் சிறு மீன்களுக்கும் அது போதும்.

விசை கீழே போகப் போகக் கூடுகிறது. எனவே அடிப்பலகை இரண்டு அங்குலக் கனத்துக்குக் குறையக் கூடாது. மேல்வரிசைக்கு ஒன்றரை அங்குலம் போதுமானது. பலகையின் கனத்தை இரட்டிப்பாக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். கால்களுக்கு இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் வளைவு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே விலை உயர்ந்த மரத்தைக் கனமாக வாங்குவதைவிட, நடுத்தர மரத்தில் இரண்டடிக்கு ஒரு கால் வைப்பதே சிக்கனம். மேல்விளிம்பில் நான்கு புறமும் தட்டையாக ஒரு பலகையைக் கிடையாக வைத்து மூலைகளில் முடுக்கினால் சட்டம் விரிவதும் தடுக்கப்படும், தார்ப்பாயின் ஓரமும் வெயில் படாமல் மறையும், மாலையில் உட்காரவும் இடமாகும்.

கணுக்கள் பாத்திக்குப் பெரிய குறையல்ல, குளத்துக்குக் குறைதான். பலகையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கணுவோ, பலகையின் ஓரத்தை வெட்டிச் செல்லும் கணுவோ இருந்தால் அழுத்தத்தில் அங்கேதான் ஒடியும். இழை நீளவாக்கில் நேராக ஓடாமல் சாய்ந்து வெளியேறும் பலகையும் அப்படியே.

தார்ப்பாயைப் பொறுத்தவரை பண்ணைக் குட்டைகளுக்கு விரிக்கும் 500 மைக்ரான் கனமுள்ள எச்.டி.பி.இ. என்ற கெட்டிப் பிளாஸ்டிக் விரிப்பு எளிதில் கிடைக்கிறது. மேலே சொன்ன அளவுக் குளத்துக்கு, இரு புறமும் ஆழத்தையும் ஓரத்துக்கு ஓரடியையும் சேர்த்து 12 அடிக்கு 10 அடித் துண்டு வேண்டும். மரத்தின் உட்புறத்தில் துருத்தி நிற்கும் சிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, பழைய போர்வையோ சாக்கோ ஒரு படலம் வைத்த பிறகே விரிப்பைப் போட வேண்டும்.

மொட்டை மாடியில் அமைக்க நினைப்பவர்கள் மரத்தை மறந்துவிட்டு முதலில் தளத்தைப் பார்க்க வேண்டும். இரண்டடி நீர் சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் எடை தரும். ஒன்றரை அடி ஈரமண் அதைவிடவும் கூடுதல். ஏறி நடமாடும் கூரைத்தளத்துக்கு இந்தியத் தரநிலை கணக்கில் கொள்ளும் பயன்பாட்டு எடை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் மாடியில் தொட்டிக்குளம் வைக்கக் கூடாது.

அளவும் வாங்குதலும்

பாத்தியின் அகலம் நான்கடிக்கு மிகாமல் இருந்தால் இரு பக்கமிருந்தும் கை எட்டும். சுவரை ஒட்டி அமைந்தால் இரண்டடி. உயரம் ஒன்றரை அடி என்று கொள்வோம். எட்டடிக்கு நான்கடிப் பாத்தியின் சுற்றளவு 24 அடி. இரண்டு அங்குலக் கனப் பலகையானால் 6 கன அடி மரம். கால்களையும் அறுப்புச் சேதாரத்தையும் சேர்த்து ஏழரை கன அடி என்று மரவாடியில் சொல்லலாம். அறுத்த மரத்தின் கன அடியை நாமே சரிபார்க்க வேண்டும்: அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் பெருக்கி, அடியில் உள்ள நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுத்தால் போதும். இரண்டு அங்குலம் என்று சொல்லி ஒன்றேமுக்கால் அங்குலம் அறுத்துத் தருவது வழக்கம். இழைத்த பிறகு இரண்டு அங்குலமா, இழைப்பதற்கு முன்பா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். தேக்கு போன்ற மரங்களுக்கு உரிய ரசீது இல்லாமல் வாங்கி வண்டியில் ஏற்ற வேண்டாம், வழியில் வனத்துறையினர் கேட்பார்கள்.

மண்ணிலிருந்து விலக்கி நிறுத்துதல்

நல்ல மரம் வாங்கியாயிற்று என்பதற்காகக் காலை மண்ணில் நட்டுவிடக் கூடாது. அடிமுனையைத் தீயில் கருக்கிக் கீல் பூசி நடுவது பழைய வழக்கம். கருகிய மேற்படலத்தில் ஒரு வெடிப்பு விழுந்தால் கரையானுக்கு அதுவே வாசல். சிமெண்டில் புதைப்பது இன்னும் மோசம், மரம் சுருங்கியதும் சுற்றிலும் விழும் இடைவெளியில் நீர் தேங்கும். தமிழ்நாட்டில் நமக்கு ஒரு வசதி உண்டு: வேலிக்கும் திராட்சைப் பந்தலுக்கும் ஊன்றும் கருங்கல் கால்கள் எளிதில் கிடைக்கின்றன. கல்லைக் காலாக ஊன்றி, அதன் உட்புறத்தில் பலகையை வைத்து மண்ணின் அழுத்தமே அதைக் கல்லோடு சேர்த்துப் பிடிக்குமாறு அமைத்தால், மரம் தரையைத் தொட வேண்டிய தேவையே இல்லை. பலகையின் அடியில் ஒரு வரிசைச் செங்கல்லோ கடப்பைக் கல் துண்டோ இட்டு மூன்று அங்குலம் உயர்த்திவிட்டால், கரையான் தன் மண்குழாயை வெளியே கட்டித்தான் மேலேற வேண்டும். அது கண்ணில் படும், தட்டிவிடலாம். கட்டடங்களுக்குத் தெளிக்கும் குளோர்பைரிபாஸ் போன்ற கரையான் மருந்துகளைப் பாத்தியின் அருகேயும் குளத்தின் அருகேயும் தெளிக்கக் கூடாது. மீனுக்கு அது கடும் நஞ்சு.

பாத்திப் பலகையின் உட்புறத்தில் கனமான பாலித்தீன் விரிப்பை மேல்விளிம்பில் மட்டும் ஆணியடித்துத் தொங்கவிட்டு மண் நிரப்பலாம். விரிப்பைப் பலகைக்கு அடியில் மடித்துச் சுற்றிவிட்டால் உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றி மரத்தையே ஊறவைக்கும். கீழ்ப்பக்கம் திறந்திருக்க வேண்டும்.

தலைப்பு வழியாக நீர் ஏறும் வேகம் பலகையின் முகத்தைவிடப் பல மடங்கு. அறுத்த அன்றே எல்லாத் தலைப்புகளுக்கும் ஆளிவிதை எண்ணெயோ உருக்கிய மெழுகோ பூசிவிட வேண்டும். வெளிப்புறத்துக்குக் கடலோர மீனவர்கள் படகுக்குப் பூசும் முந்திரிக்கொட்டை ஓட்டெண்ணெய் மலிவான, நன்கு உழைக்கும் பூச்சு. கையில் பட்டால் தோல் கொப்பளித்துவிடும் என்பதால் கையுறையின்றித் தொடக் கூடாது, முற்றிலும் உலரும்வரை பிள்ளைகளை அருகில் விடக் கூடாது. பட்டறையிலிருந்து கழிவு இயந்திர எண்ணெய் வாங்கிப் பூசும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அதில் உள்ள உலோகங்களும் தார்ப்பொருள்களும் நேரே மண்ணுக்குப் போகும்.

இணைப்புக்கு ஆணி வேண்டாம். கருவேலம் போன்ற துவர்ப்புள்ள மரங்களில் வெறும் இரும்பு பட்ட இடம் கறுத்து இரண்டும் அரிக்கும். 304 தரத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டோ, உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த போல்ட்டோ, முன்கூட்டியே துளையிட்டு, இருபுறமும் வளையத்தோடு முடுக்க வேண்டும். போல்ட்டால் இணைத்த பாத்தியில் ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். அடிவரிசைதான் முதலில் கெடும் என்பதால், வாங்கும்போதே அந்த அளவில் ஓரிரு பலகைகளைக் கூடுதலாக அறுத்து நிழலில் அடுக்கி வைத்துக்கொள்ளலாம்.

குளத்தை ஒரே மூச்சில் நிரப்பக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு நீர் விட்டு, நீண்ட பக்கத்தில் நூல் பிடித்துப் பலகையின் நடுப்பகுதி எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று அளந்து, ஒரு நாள் விட்டு மறுபடியும் அளக்க வேண்டும். கால் அங்குலத்துக்குள் நின்றுவிட்டால் அடுத்த பங்கை விடலாம். அதற்கு மேல் வளைந்தால் நீரை இறைத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு கால் வைத்து முடுக்கிய பிறகே மீண்டும் நிரப்ப வேண்டும்.